நடுப்பக்கங்கள்

அந்த நாவலுக்கு அட்டை இல்லை.
மூன்றாகக் கிழித்துக்கொண்டோம்
தொண்ணூற்றிரண்டு டிசம்பரில்
திபிலீசியின் ரொட்டி வரிசையொன்றில்,
மின்சாரம் போய்ப் பதினோராம் நாள்.
முதல் துண்டு எனக்கு. கடைசி கதுனாவுக்கு.
நடுவை மாமுகா கோட்டுக்குள் செருகிக்கொண்டான்.
வியாழக்கிழமை மாற்றிக்கொள்ளலாம் என்றான்.

வியாழக்கிழமை அவன் வரவில்லை.
சுகுமிக்குப் போகிற வண்டியில் ஏறிவிட்டதாக
முன்னால் நின்றவர் திரும்பாமலே சொன்னார்.
வரிசை ஓரடி நகர்ந்தது. நானும் நகர்ந்தேன்.

ஆக, மரோ டிராம் ஏறியது எனக்குத் தெரியும்.
நடத்துநரிடம் பெயரை மாற்றிச் சொன்னது தெரியும்.
கதுனாவின் துண்டில் அவள்
நரைத்த தலையோடு ரயிலடியில் நிற்கிறாள்,
ஒரு கையில் மட்டும் கையுறை.
இன்னொன்று எங்கே போனது?

நான்தான் தொலைத்தேன்.
சூடான ரொட்டியைக் கக்கத்தில் இடுக்கி
வீடு சேர்வதற்குள் அதன் கூர்முனை இரண்டையும் தின்றபடி
மரோவை சோலோலாகி மேட்டில் ஏற்றினேன்.
விறகுக்கு யாரோ வெட்டிப்போன மரத்தின்
அடிக்கட்டையில் உட்காரவைத்தேன்.
கந்தகக் குளியல்கூடத்துக் குவிமாடங்களுக்கு நடுவே
அவர்களுக்குள் சண்டை மூட்டினேன்.
பாலத்திலிருந்து மத்க்வாரி ஆற்றில்
அவள் கையுறையை நானே எறிந்தேன்.
நடத்துநருக்கு மாமுகாவின் காது.
காது மட்டும்தான், சத்தியமாக.

பிறகு தெசலோனிக்கியில் இருபத்தெட்டு வருடம்,
அடுத்தவர் தாய்மாரைக் குளிப்பாட்டி, புரட்டிப் படுக்கவைத்து,
கிரேக்க மொழியில் கோபப்படக் கற்று.
உன் ஊர் எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால்
மரோவின் ஊரைச் சொல்வேன்.
மண்ணெண்ணெய் நாற்றம் அதில் கிடையாது.
சரிபார்க்க யார் இருக்கிறார்கள்?

இப்போது வந்தது வீட்டை விற்க.
டிராம் இல்லை, தண்டவாளத்தின் மேல் தார்.
உலர்பாலத்துச் சந்தையில்
பதக்கங்கள், பல் பிடுங்கும் குறடு, பொம்மையின் தலை,
இவற்றுக்கு இடையில் அது. அட்டையோடு.
பச்சை அட்டை. ஏன் பச்சை என்று கோபம் வந்தது.
"முழுசா இருக்கு, எண்ணிப் பார்த்துட்டேன்" என்று
நாலு ரொட்டியின் விலை சொன்னார்.

மாடிப்படியிலேயே உட்கார்ந்து படித்தேன்
விட்டகுறை தொட்டகுறையை.
பன்னிரண்டு அத்தியாயம்.
மரோ குத்தாயிசியில் பெரியம்மா வீட்டுக்குப் போகிறாள்.
பட்டுப்புழு வளர்க்கிறாள். சொத்துத் தகராறு. விஷக்காய்ச்சல்.
கையுறையை ஒரு கன்றுக்குட்டி மென்றுவிடுகிறது,
அதுவும் அரை வாக்கியத்தில்.
திபிலீசி
ஒரு வரியில்கூட இல்லை.

கதுனாவைக் கூப்பிட்டேன். ருஸ்தாவியில் இருக்கிறாள்,
குரல் தடித்திருந்தது.
"ஐயோ, நடத்துநர் சாகலையா?
நான் அவனை ஆத்துல மூழ்கடிச்சேனே!
முப்பது வருஷமா அந்தப் பாலத்துல
இடது ஓரமா நடக்கறதில்ல."
இருவரும் சிரித்தோம்.
அப்புறம் ஒருத்தி மட்டும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அவன் ஒருவனுக்குத்தான் தெரிந்திருக்கிறது.
ஏதோ ஒரு பள்ளத்தில், நனைந்த பூட்சோடு,
முசுக்கொட்டை இலையை நாளைக்கு எத்தனை வேளை போடுவது என்று
பத்துப் பக்கம் படித்திருப்பான்.
சலித்திருப்பான்.
நாங்கள் தெருத்தெருவாய் இழுத்துக்கொண்டு திரிந்தவள்
ஊரிலேயே இல்லை என்பதைச் சொல்ல
ஒரு வியாழக்கிழமைதான் அவனுக்குத் தேவைப்பட்டது.

அதே தெரு, அதே தீயடுப்பு.
இப்போது வரிசை கிடையாது.
ஜன்னலில் கை நீட்டினால் ரொட்டி.
ஆனாலும் பழைய இடம் பார்த்துக்
கொஞ்ச நேரம் நின்றேன்.
கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்து
"நீங்கதான் கடைசியா?" என்றாள்.

இல்லை, எனக்குப் பின்னால் ஓர் ஆள் உண்டு,
போய்விட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறான் என்றேன்.
அவள் சந்தேகப்படவில்லை.
ஓர் ஆள் நிற்கிற அளவு
இடம் விட்டு நின்றாள்.